கீழக்கொல்லைப் புல்லு

புல்லு பாக்கத்தானே வந்திருக்கீங்க? நீங்க வாயத் தொறக்கவே வேணாம் தம்பி, அந்தத் தொப்பியே சொல்லிடுச்சு. மாசத்துக்கு நாலு தொப்பி வருது இந்த ஊருக்கு. அத்தனையும் மொதல்ல என் வாசல்லதான் வந்து நிக்கும். ரோட்டு மேல வூடு கட்டுனது என் குத்தம். "ஐயா, தையல்நாயகி அம்மாவோட புல்லுத் தோட்டம் எங்க இருக்கு?" புல்லுத் தோட்டமாம்! மல்லித் தோட்டம் கேட்டிருக்கேன், மாந்தோட்டம் கேட்டிருக்கேன். புல்லுக்குத் தோட்டம்னு பேரு வச்ச ஊரு ஒலகத்துலயே இது ஒன்னுதான் இருக்கும்.

அவ இல்ல. வேதாரண்யம் போயிருக்கா. பதினோரு மணி பஸ்ஸுக்கு வந்துருவா. அது வரைக்கும் இப்புடி நெழலுல உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. மோரு குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

நான் அவளுக்கு அண்ணன். கூடப்பொறந்த ஒரே அண்ணன். வைரக்கண்ணு. கூட்டுறவுச் சங்கத்துல முப்பத்தோரு வருசம் எழுத்தரா இருந்தவன். பட்டா மாறுதலா, தெருவெளக்கா, தண்ணிக் கொழாயா, இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த மனுவா இருந்தாலும் என் கையெழுத்துலதான் போவும். பெருமைக்குச் சொல்லல. பின்னால ஒரு மனு வருது, அதுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அப்பா போன பிறகு நெலத்தப் பிரிச்சோம். ரெண்டே துண்டு. மேலக்கொல்லை ஆறு மா, ரெண்டு ஏக்கரு. நல்ல மணலு, இளநி மாதிரி கெணத்துத் தண்ணி, அம்பது தென்னை. கீழக்கொல்லை அஞ்சு மா, உப்பனாத்தங்கரை. சுனாமியில கடல் ஏறி எறங்குன எடம். அன்னைலேர்ந்து அத நெலம்னு யாரும் சொல்றதில்ல. வெயில் காலத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி உப்பு பூத்துக் கெடக்கும். மழைக் காலத்துல மொழங்கால் சேறு. ஓரத்துல எல்லாம் சீமைக்கருவை. காக்கா கூட வந்து உக்காராது.

தையலு ஒண்டிக்கட்டை. புருசன் திருப்பூருக்கு வேலைக்குன்னு போனவன் அங்கயே இன்னொரு குடும்பமாயிட்டான். இவ வனத்துறை நாத்தங்கால்ல தினக்கூலி. இருவது வருசம். பையில மண்ணு ரொப்புறது, கன்னுக்குத் தண்ணி ஊத்துறது, அலையாத்தி நடுறது. படிப்பு அஞ்சாங் கிளாசு. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குங்க அம்பது தென்னை? யாரு ஏறுவா, யாரு காவ காப்பா? அவ நல்லதுக்குத்தான் கீழக்கொல்லைய அவளுக்குப் போட்டேன். பத்திரத்த நானே எழுதுனேன். "மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இன்றியும்"னு எழுதுனேன். அவ எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா. ஒரு வார்த்தை பேசல. பேச என்னா இருக்கு?

நாத்தங்கால்ல வேலைய நிறுத்துன வருசம் ஆரம்பிச்சுது இந்தக் கூத்து. ஐப்பசி மொத மழை பேஞ்ச மறுநாள், தலையில ஈரச் சாக்கோட போறா. உப்பளம் இருக்குற பக்கத்துலேர்ந்து வர்றா.

"என்னா தையலு மூட்டையில?"

"புல்லுண்ணே."

"மாடு வாங்குனியா? சொல்லவே இல்ல?"

"மாடு இல்லண்ணே. நடப்போறேன்."

நடப்போறாளாம். தம்பி, நான் பொறந்து வளந்ததுலேர்ந்து பாக்குறேன், மனுசன் வயல்ல குனிஞ்சா புல்லப் புடுங்குறதுக்குத்தான் குனிவான். இவ புல்ல நடுறதுக்குக் குனியுறா. மூட்டையப் பிரிச்சுக் காட்டுனா. அருகம்புல்லு மாதிரி ஊந்து போற கொடி. நுனி மட்டும் ஊசி. தொட்டா குத்தும். உப்பளக் கரையில, வண்டித் தடத்துல, எவனும் ஏறெடுத்துப் பாக்காத எடத்துல தானா மொளச்சுக் கெடக்குற சனியன் அது. நாங்க உப்புப் புல்லும்போம். அதுக்கு மேல அதுக்கு ஒரு பேரு வைக்க எவனுக்கும் தோணல.

"அண்ணே, இந்த எலைய நக்கிப் பாருங்க" அப்புடிங்குறா.

"நான் என்னா ஆடா?"

"மண்ணுல இருக்குற உப்ப வேரால இழுத்து எலையால வெளியத் தள்ளிடும்ணே. காலையில பாத்தா எல மேல உப்பு மின்னும்."

அன்னைக்கு நான் நக்கல. பின்னால ஒரு நாளு யாரும் இல்லாதப்ப நக்கிப் பாத்தேன். உப்பாத்தான் இருந்துச்சு. அதுக்கென்னா? கடல நக்குனாலும்தான் உப்பா இருக்கும்.

கணு கணுவா வெட்டி, மொழ தூரத்துக்கு ஒன்னுன்னு அஞ்சு மாவுலயும் நட்டா. கூலிக்கு ஆள் கூப்புட்டா யாரு வருவா? "என்னா நடவு?"ன்னு கேட்டு "புல்லு நடவு"ன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாளுவோ. தானே நட்டா. இருவது நாள். கார்த்திகையில பெருமழை வந்து கீழக்கொல்லை ஏரி மாதிரி நின்னுச்சு. தண்ணி வடிஞ்சப்ப ஒரு கணு இல்ல. எல்லாம் அழுவிப் போச்சு. எனக்குச் சந்தோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரிச் சோறு நல்லா எறங்குச்சு. எங்க வூட்டுல கூட கேட்டா, "என்ன இன்னைக்கு ரெண்டாந்தரம் ரசம் ஊத்திக்கிறீங்க"ன்னு.

அடுத்த வருசமும் நட்டா. விடுவாளா? இந்தத் தடவை மொதல்ல கருவைய வெட்டி வேரோட தோண்டி எடுத்தா. கையெல்லாம் முள்ளு. அப்புறம் மொழங்கை ஒசரத்துக்கு வரப்பு. நேர் வரப்பு கூட இல்ல, பாம்பு போன மாதிரி வளஞ்சு வளஞ்சு. கேட்டா, "மழத் தண்ணி மெதுவா நின்னு உப்பக் கழுவிட்டுப் போவணும்ணே, தேங்கவும் கூடாது, ஓடவும் கூடாது"ங்குறா. அஞ்சாங் கிளாசு சொல்லுது. நான் பொதுப்பணித்துறைக்கே மனு எழுதி வாய்க்கால் வெட்ட வச்சவன், எனக்குத் தண்ணி பத்திப் பாடம் எடுக்குறா.

புடிச்சுக்கிச்சுங்க. அது என்னா கருமமோ, அந்த வருசம் புடிச்சுக்கிச்சு. தை மாசத்துல அங்கங்க பச்சைத் திட்டு. அடுத்த வருசம் திட்டும் திட்டும் கை கோத்துக்கிச்சு. மூணாம் வருசம் பாத்தா பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. வெள்ளையா பூத்துக் கெடந்த எடத்துல ஒரு பொட்டு வெள்ளை இல்ல. ஊரே வந்து பாத்துச்சு. நான் போவல. என் வூட்டு மாடியிலேர்ந்தே தெரியும், நான் எதுக்குப் போவணும்?

புல்லு வந்ததும் அதுக்குள்ள பூச்சி வந்துச்சு. பூச்சியத் தின்ன குருவி வந்துச்சு. வானம்பாடி இருக்கு பாருங்க, அது புல்லுக் கத்தைக்கு அடியில கிண்ணம் மாதிரி கூடு கட்டுமாம். காலங்காத்தால நேரா மேல ஏறி நின்னுக்கிட்டுக் கத்தும். அஞ்சு மணிக்கு! நான் ஓய்வு வாங்குனவன், எனக்கு ஏழு மணி வரைக்கும் தூங்க உரிமை இல்லையா? மார்கழியில உள்ளான் கூட்டம் கூட்டமா எறங்குது. எங்கேர்ந்தோ பனி பெய்யுற நாட்டுலேர்ந்து வருதாம். அங்கேர்ந்து பறந்து வந்து, மேலக்கொல்லைன்னு ஒன்னு பக்கத்துல இருக்குறப்ப, இவ கொல்லையிலதான் எறங்குமாம். முயலு வந்துச்சு. முயலு வந்ததும் நரி வந்துச்சு. அப்புறம் ஒரு நாளு மானு.

ஆமா, வெளிமானு. கோடியக்காட்டு மானு. காட்டுக்குள்ள அது மேயுற வெளியெல்லாம் கருவை ஏறிப் போச்சாம், புல்லு இல்லையாம், அதனால இங்க வருதாம். தையலு சொன்னா. மான்கிட்டயே கேட்டுட்டு வந்த மாதிரி சொன்னா.

"சரி, மானு வந்து தின்னுட்டுப் போவுது. ஒனக்கு என்னா கெடைக்குது?"ன்னு கேட்டேன்.

"எனக்கு என்னண்ணே வேணும்? அது தின்னட்டும்."

கேட்டீங்களா? இதுக்கு மேல இவகிட்ட பேசுறதுக்கு என்னா இருக்கு!

இந்த நேரத்துலதான் கஜாப் புயல் அடிச்சுது. என் அம்பது தென்னையில நாப்பத்தாறு சாஞ்சுது. வேரோட புடுங்கிப் போட்டுடுச்சு. கீழக்கொல்லையில கடல் திரும்ப ஏறுச்சு, ஒரு சாணு சேத்தக் கொண்டாந்து கொட்டிட்டுப் போச்சு. ஒழிஞ்சுது புல்லுன்னு நெனச்சேன். அடுத்த மழையில சேத்தத் துளச்சுக்கிட்டு ஊசி ஊசியா வெளிய வந்துச்சு. என் தென்னை வரல. புல்லு வருது. இதுல என்னா ஞாயம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

தென்னை போன பிறகு மேலக்கொல்லைய என்னா செய்யிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, ரெத்தினசபாபதின்னு ஒருத்தர் காருல வந்தாரு. எறா பண்ணைக்காரரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பேச்சுல ஒரு மரியாதை. "ஐயா, ஒங்க மாதிரி வெவரம் தெரிஞ்சவங்க இந்த ஊருல இருக்குறது எங்களுக்குப் பெரிய பலம்"னாரு. மனுசன எடை போடத் தெரிஞ்சவரு. ரெண்டு கொல்லையையும் குத்தகைக்குக் கேட்டாரு. உப்பனாத்துலேர்ந்து தண்ணி வரணும்னா கீழக்கொல்லை வழியா வாய்க்கா வெட்டணும். மேலக்கொல்லையில குட்டை.

தையலுகிட்ட போனேன். நானே எறங்கிப் போனேன்.

"வேணாம்ணே"ன்னா.

"என்னாத்துக்கு வேணாம்? ஒனக்கு மாசாமாசம் ஒக்காந்த எடத்துல வரும்."

"வாய்க்கா வெட்டுனா புல்லு போயிடும்ணே. ஒங்க கெணத்துலயும் உப்பு எறங்கிடும். எறா பண்ணை போட்ட எடத்துல என்னாச்சுன்னு நாத்தங்காலுல இருக்கும்போது நாலு ஊருல பாத்துட்டேன். நீங்களும் குடுக்காதீங்கண்ணே."

எனக்கே புத்தி! நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். அந்தப் புல்லு இருக்குற வரைக்கும் இவ மசிய மாட்டா, அது மட்டும் புரிஞ்சுது. அப்ப எங்கிட்ட ஏழு மாடு. பங்குனி மாசம், மேய்ச்சலுக்கு எங்கயும் ஒரு பச்ச இல்ல. ஓட்டிக்கிட்டுப் போயி கீழக்கொல்லையில உட்டேன். மொட்டையாக்கிட்டு வாங்கடின்னு உட்டேன். அவ ஓடி வருவா, சண்டைக்கு நிப்பா, நாலு பேரு கூடுவாங்க, அப்ப பேசிக்கலாம்னு இருந்தேன்.

வந்தா. நின்னு பாத்தா. "மேயட்டும்ணே"ங்குறா!

"மேஞ்சா நல்லாத்தான் பரவும். பத்து நாளைக்கு ஒருக்கா இந்தப் பக்கத்துல உடுங்க. ஆனா அந்தத் தென்கெழக்கு மூலைக்கு மட்டும் ஓட்டாதீங்க. அங்க கூடு இருக்கு. அங்க வேற ஒன்னும் இருக்கு."

அதச் சொல்லாம இருந்திருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். சொன்ன பிறகு எப்புடிப் போவாம இருக்குறது? அவ அந்தாண்ட போனதும் மாட்ட நேரா அங்கதான் ஓட்டுனேன். நான் முன்னால நடக்குறேன், மாடு பின்னால வருது. புல்லு அங்க மொழங்கால் ஒசரம். காலு வைக்கப் போற எடத்துல ஒரு கண்ணு.

ஆமா தம்பி, கண்ணு. மொதல்ல அது மட்டுந்தான் தெரிஞ்சுது. அப்புறந்தான் ஒடம்பு தெரியுது. மான்குட்டி. பொறந்து ரெண்டு நாளு இருக்கும். கழுத்தத் தரையோட நீட்டி, காதச் சாச்சு, மண்ணோட மண்ணா படுத்துக் கெடக்கு. ஓடல. கத்தல. மூச்சு உடுதான்னே தெரியல. என் நெழலு அது மேல விழுவுது. அது என்னைய மட்டும் பாக்குது.

நான் உருகிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. மாட்டத் திருப்புனேன், அவ்வளவுதான். திருப்பித்தானே ஆவணும்? மாடு மிதிச்சுட்டா வனவிலங்குச் சட்டம் யாரு மேல பாயும்? என் மேல. திருப்பி ஓட்டி ரோட்டுல ஏத்திட்டு, திரும்ப வந்து அது அங்கயே இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. தாய் வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்னேன். ஒரு மணி நேரம் இருக்கும். நரி இருக்குற எடம், அதனால நின்னேன். அதுக்குள்ள என் மாடு ஏழும் பஞ்சாயத்துத் தலைவரோட உளுந்துல எறங்கிடுச்சு. அந்த ஏச்சும் எனக்குத்தான்.

வூட்டுக்கு வந்ததும் பளிச்சுன்னு தோணுச்சு. அடடா, இதுதானே வழி! காட்டு மிருகத்த ஒரு தனியாள் நெலத்துல வச்சிருக்கக் கூடாதுல்ல? எடுத்தேன் பேனாவ. மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு. என் வாழ்நாள்ல எழுதுனதுலயே சிறந்த மனு அதுதான், இன்னைக்கும் சொல்லுவேன். "மேற்படி நபர் புல் வளர்ப்பு என்ற போர்வையில், அரிய வகை வெளிமான்களையும், அவற்றின் குட்டிகளையும், வானம்பாடி உள்ளிட்ட பறவைகளையும், முயல் முதலானவற்றையும் தனது நிலத்தில் தங்கவும் இனப்பெருக்கம் செய்யவும் உடந்தையாக இருந்து வருகிறார்." உடந்தை! அந்த வார்த்தைக்கு அர மணி நேரம் யோசிச்சேன். தேதி, நேரம், தெசை, எத்தனை மானு, எத்தனை கூடு, எல்லாம் பட்டியலா இணைச்சேன். ஒரு வாரம் மாடியிலேர்ந்து எண்ணிக் குறிச்சது. அந்த அலுவலகத்துக்கு அப்புடி ஒரு மனு அதுக்கு முன்னாடி போயிருக்காது.

ஜீப்பு வந்துச்சு. ஒரு அம்மா எறங்குனாங்க, ரேஞ்சரு. கூட ரெண்டு பேரு. சட்டைய மாட்டிக்கிட்டு நான் முன்னால போனேன், வழி காட்டுனேன். கீழக்கொல்லைய ஒரு சுத்து சுத்துனாங்க. குனிஞ்சு எலயப் பாத்தாங்க. தையலுகிட்ட என்னாத்தையோ மெதுவா கேட்டாங்க, அவ சொன்னா. எழுதிக்கிட்டாங்க. இன்னைக்குக் கையோட கூட்டிக்கிட்டுப் போவாங்களா, இல்ல நோட்டீஸா அனுப்புவாங்களான்னு நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்புனாங்க. கையில என் மனு.

"இத எழுதுனது நீங்கதானா ஐயா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க! எங்க ஆளுங்களே இப்புடி ஒரு கணக்கெடுப்பு எடுக்க மாட்டாங்க. தெசையோட, நேரத்தோட... காட்டுக்கு வெளிய, மனுசன் நட்ட புல்லுல மானு குட்டி போட்டதுக்கு எங்ககிட்ட இருக்குற மொத எழுத்துச் சாட்சியே இதுதான். ரொம்ப நன்றி ஐயா."

இப்புடியா ஒருத்தி படிப்பா ஒரு மனுவ? உடந்தைன்னு எழுதியிருக்கேன், அது கண்ணுல படல? கண்ணாடி போட்டிருந்தாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை.

அவங்க ஒரு அறிக்கை எழுதுனாங்க. என் மனுவ அதோட இணைச்சாங்க. உப்பனாத்துலேர்ந்து அந்தப் புல்லு வழியா வாய்க்கா வெட்டக் கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு. ஆக, ரெத்தினசபாபதிக்கு வாய்க்கா இல்லாமப் பண்ணது யாருன்னு கேட்டா, ஊருல எல்லாரும் என்னையக் காட்டுறாங்க. டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், "மாமா, அடுத்த மனு யாருக்கு வாழ்வு குடுக்கப் போவுது?"ன்னு. அறிவு கெட்ட பய.

அந்த அறிக்கைய வச்சுத்தான் காலேசுலேர்ந்து வர்றானுவோ, மெட்ராஸுலேர்ந்து வர்றானுவோ. குப்புறப் படுத்துக்கிட்டு குருவியப் போட்டோ புடிக்கிறானுவோ. படிச்சு முடிச்சுட்டு மனுசன் செய்யிற வேலையா அது? கோவிச்சுக்காதீங்க. ஒங்களச் சொல்லல. ஒங்களையும் சேத்துத்தான் சொல்றேன்.

சரி, ரெத்தினசபாபதி என்னா செஞ்சாரு? "வாய்க்கா இல்லாட்டி என்னாங்கய்யா, மேலக்கொல்லையிலயே ஆழமா போர் போட்டு உப்புத் தண்ணிய எடுத்துக்குறேன்"னாரு. எழுதிக் குடுத்தேன். குட்டை வெட்டுனாரு, தண்ணியக் கலக்கிவிடுற துடுப்புச் சக்கரம் ஓடுச்சு. மொத வெளச்சல் நல்ல வெளச்சல். ரெண்டாவதுல வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒரே வாரத்துல அம்புட்டும் செத்து மெதந்துச்சு. நாத்தம் ஊருல நிக்க முடியல. அவரு சக்கரத்தக் கழட்டிக்கிட்டு ராவோட ராவா போயிட்டாரு. போனும் எடுக்குறதில்ல. மிஞ்சுனது நாலு குழி. அதுல உப்பு. கெணத்துல உப்பு. மிச்சமிருந்த நாலு தென்னையும் குருத்து கருகி நின்னுச்சு. மாட்டுக்குத் தண்ணி இல்லாம வித்தோம். வாங்குனவன் கேட்டான், "மாட்டுக்கு என்னா தீனி போட்டீங்க, இம்புட்டு நல்லா இருக்கு?"ன்னு. நான் பணத்த எண்ணிக்கிட்டே இருந்தேன். பத்து நாளைக்கு ஒருக்கா கீழக்கொல்லையில மேஞ்ச மாடு அது.

நீங்க என்னையப் பாக்குற பார்வை எனக்குப் பிடிக்கல தம்பி. எவனுக்கு வேணாலும் நடக்கும் இது.

போன ஐப்பசியில நல்ல மழை. காலையில வெளிய வந்தா, மேலக்கொல்லையில, என் கொல்லையில, எவளோ குனிஞ்சு நிக்கிறா. தையலு. பக்கத்துல ரெண்டு சாக்கு. குழிக் கரைய மம்பட்டியால கொஞ்சம் சரிச்சு உட்டுட்டு நட்டுக்கிட்டு இருக்கா. யாரக் கேட்டு? கொடையப் புடிச்சுக்கிட்டு எறங்குனேன்.

"யாரக் கேட்டு என் நெலத்துல காலு வச்ச?"

நிமுந்து பாக்கல. "மழ நிக்கறதுக்குள்ள நடணும்ணே."

"நான் என்னா ஒங்கிட்ட பிச்சை கேட்டனா?"

"இல்லண்ணே."

"கீழக்கொல்லைய ஒனக்குக் குடுத்தப்ப ஒன்னைய ஏமாத்திட்டேன்னு நெனப்பு ஒனக்கு. அத இப்புடிக் காட்டுற."

அப்பத்தான் நிமுந்தா. மூஞ்சியெல்லாம் சேறு. "ஏமாத்துனீங்கதான்ணே. படிக்கும்போதே தெரிஞ்சுது. அஞ்சாங் கிளாசு படிச்சா அவ்வளவு தெரியும்"னா. சொல்லிட்டு மறுபடியும் குனிஞ்சுட்டா.

சத்தமா கூட சொல்லல. சத்தமா சொல்லியிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன். மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு. இவ நட்டுக்கிட்டே போறா. எதிர் வூட்டுல ரெண்டு பேரு நின்னு பாக்குறாங்க. என்னா பண்றது? குனிஞ்சு பாத்தா வரிசை கோணலும் மாணலுமா இருக்கு. ஒரு கணு இங்க, ஒரு கணு அங்க. ஒரு வேலையாவது ஒழுங்கா செய்யத் தெரியுமா இவளுக்கு? கொடைய மடக்கி வச்சுட்டு ரெண்டு கணுவப் புடுங்கித் திருத்தி நட்டேன். அப்புறம் இன்னும் நாலு. சாயங்காலம் பாத்தா எங்க வூட்டுல சொல்றா, "எட்டு வரிசை நட்டிருக்கீங்க"ன்னு. நட்டதில்ல, திருத்துனது.

பாதிக்கு மேல புடிச்சுக்கிச்சு. அந்தா, கொட்டகைக்குப் பின்னால பச்சையா தெரியுது பாருங்க, அதான். அவ கொல்லைய விட வரிசை நேரா இருக்கும். பாத்தாலே தெரியும்.

இந்த மாசம் அதுல ஒரு கூத்து. மோட்டாரு கொட்டகைக்குப் போற தடத்துல, நட்ட நடுவுல, ஆட்காட்டிக் குருவி நாலு முட்டை வச்சிருக்கு. கூடுன்னு ஒன்னு கெடையாது. ரெண்டு கூழாங்கல்லு, நாலு உலந்த புல்லு, அது மேல முட்டை. அவ்வளவு சோம்பேறிப் பறவை. நான் போனா எந்திரிச்சுத் தலைக்கு மேல சுத்திச் சுத்தி வந்து கத்துது. என் பேருல பட்டா இருக்குற நெலம். அதுல நின்னுக்கிட்டு என்னையவே அதட்டுது! வெயிலு ஏறுனா வயித்த நனச்சுக்கிட்டு வந்து முட்டை மேல உக்காருது. தண்ணி எங்க கெடைக்கும் அதுக்கு? ரெண்டு பர்லாங்கு போவணும். அந்த நேரத்துல காக்கா வந்துட்டா? யோசனை இல்லாத ஜென்மம். ஒரு மண்சட்டியில தண்ணி வச்சேன். அந்தாண்டதான், கிட்டக்க இல்ல. கத்துற சத்தம் பொறுக்காம வச்சேன்.

அந்தா, பஸ்ஸு வந்துடுச்சு. கொடையோட எறங்குறவதான் தையலு. போங்க, கூப்புட்டுப் போயிக் காட்டுவா. ஒவ்வொரு எலையையும் புடிச்சுக் காட்டுவா, பொழுது போறதே தெரியாது அவளுக்கு.

ஒன்னு மட்டும் தம்பி. இந்த முட்டை சமாச்சாரத்த அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நேரா இங்க வந்து, என் நெலத்துல நின்னுக்கிட்டு, அந்தத் தடத்துல எப்புடி நடக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுப்பா. எனக்கு எவளும் சொல்லிக் குடுக்க வேணாம். நான் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போறேன்.